ஜூன் மாதத்துப் பூக்களின் பள்ளத்தாக்கு: கும்பகோணத்திலிருந்து ஒரு குழுப் பயணம்

கும்பகோணத்தில் பயண ஏற்பாடு செய்துதரும் ஒரு சிறு நிறுவனத்தின் வழியாக, உத்தராகண்டில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கிற்குச் சென்று திரும்பினோம். எங்களில் பெரும்பாலோர் குறுவை சாகுபடி செய்பவர்கள். மேட்டூர் அணையில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்குள் ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால், பள்ளத்தாக்கு ஆண்டுதோறும் திறக்கப்படும் ஜூன் 1-ஐ ஒட்டியே நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

ரயில், தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றில் குறையில்லை. புல்னா வரை வண்டியில் சென்று, அங்கிருந்து பள்ளத்தாக்கிற்குப் போகிறவர்கள் தங்கும் ஊரான கங்காரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கோவேறு கழுதைகளை முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். பள்ளத்தாக்கிற்குள் அவற்றுக்கு அனுமதியில்லை. இரவு தங்கவும் கூடாது. இவற்றைப் புறப்படும் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

சொல்லாமல் விட்டது பூக்களின் பருவத்தைத்தான். நம் வீட்டுக் காசித்தும்பையின் இனத்தைச் சேர்ந்த இமயமலைச் செடி ஆளுயரத்துக்கு இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்கும் படத்தைத் துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தார்கள். அது மழை பிடித்த பிறகு, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காணக்கூடிய காட்சி. நாங்கள் போனபோது ஓடைகளின் மேல் பனி பாலம் போல் உறைந்திருக்க, புல் அப்போதுதான் துளிர்த்துக்கொண்டிருந்தது. "இதுக்காகவா தம்பி இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று குழுவில் மூத்தவரான அத்தை ஒருவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் வழிகாட்டியிடம் இருந்தது. பனி கரைந்து பின்வாங்கும் ஓரத்துக்கு எங்களை அழைத்துப் போய் அவர் குனிந்து பார்க்கச் சொன்னார். ஈரம் சொட்டும் கறுத்த மண்ணில், ஒரு சாணுக்கும் குறைந்த தண்டுகளில் ஊதா நிறப் பிரிமுலாக்கள் பந்து பந்தாகப் பூத்திருந்தன. அருகே வெள்ளை அனிமோன்களும், நீர்க்கசிவில் மஞ்சள் நிறச் சதுப்புப் பூக்களும் இருந்தன. அங்கே கோடை மிகக் குறுகியது என்பதால், இத்தகைய மலைச்செடிகள் பலவும் முந்தைய பருவத்திலேயே மொட்டை உருவாக்கிப் பனிக்கடியில் காத்திருந்து, பனி விலகிய சில நாட்களில் மலர்ந்துவிடுகின்றன. கடைமடை ஊர்க்காரரான அந்த அத்தைக்கு, தண்ணீருக்காகக் காத்துக் கிடப்பதைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்களில் அதிக நேரம் அங்கே உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

வழிகாட்டிக்காகவே இந்த ஏற்பாட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆளுயரப் பூங்கூட்டத்தையோ பிரம்ம கமலத்தையோ பார்க்க விரும்புவோர் மட்டும் ஜூன் பயணத்தைத் தவிர்க்கலாம். அடுத்த துண்டறிக்கையில் மாதத்தைக் குறிப்பிட்டுப் படம் போடும்படி கேட்டு, நான் எடுத்த பிரிமுலாப் படங்களை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.