ஐந்து கோடை, ஒரே ரியூப்

கனடாவின் சிம்கோ ஏரிக்கரையில் ஜூலையில் ஒரு கிழமை கொட்டேஜ் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஐந்து வருடத்துக்கு முன், மச்சானின் படகில் கட்டி இழுக்க, மூன்று பேர் குப்புறப் படுக்கிற தட்டையான காற்று ரியூப் ஒன்று வாங்கினேன். இன்றும் அதேதான். மேலுறை வெளிறிவிட்டது. ஒரு கைபிடியின் தையல் விட்டுப்போய், தூண்டில் நரம்பால் நானே தைத்தேன்.

முதல் கோடை முழுக்க விழுந்தேன். கைப்பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்ததில், அடுத்த நாள் காலையில் பிளேன்ரீ கோப்பையைத் தூக்கவே விரல் மடங்கவில்லை. பக்கத்தில் கிடந்த பதினொரு வயது மருமகளோ சிரித்தபடி அப்படியே இருந்தாள். "மாமா, நீங்கள் ஏன் முன்னுக்கு முன்னுக்குப் போறீங்கள்?" என்று கேட்டாள். விஷயம் அதுதான். பயத்தில் நெஞ்சை முன்விளிம்புக்குக் கொண்டுபோனால், அலையில் ஏறும்போது ரியூப்பின் மூக்கு தண்ணீரில் குத்தும். பிறகு ஆள் பறப்பான். இப்போது அலை தெரிந்தவுடன் ஒரு சாண் பின்னுக்குச் சரிந்து, முழங்கையை மடித்து வைத்துக்கொள்கிறேன்.

திருப்பம் வேறு கதை. படகு வளையும்போது ரியூப் வெளியே வீசப்பட்டுப் பெரிய வட்டம் அடிக்கிறது, அதனால் படகைவிட வேகமாகப் போகும். படகு 25 கிலோமீற்றரில்தானே போகிறது என்று ஓட்டுபவர் நினைப்பார், நமக்குத்தான் தெரியும். அந்த நேரம் இடுப்பை வளைவின் உள்பக்கம் நகர்த்த வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து நகராவிட்டால் வெளியோரத்து ஆள் போய்விடுவார். பெரும்பாலும் அது நான்.

காற்றையும் சொல்ல வேண்டும். வெயிலில் விறைப்பாக ஊதிய ரியூப், குளிர்ந்த ஏரியில் இறங்கியதும் சுருங்கித் தொய்கிறது. தொய்ந்தால் நடு மடிந்து மூக்கு தாழும். ஆகவே தண்ணீரில் போட்டபின் உறையில் சுருக்கம் போகும்வரை இன்னொரு தடவை ஊதுவேன். மத்தியானம் வெயிலில் காற்று விரியும் என்பதால், கரையில் கிடக்கும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவேன். இதை மறந்த ஒரு நாள்தான் உள்பையின் மூட்டு பிரிந்தது.

கயிற்றில் சிக்கனம் பார்த்தது என் பிழை. முதலில் வாங்கியது இரண்டு பேர் கயிறு, 2,375 இறாத்தல் தாங்குவது. மூன்று பேருக்கு 3,350 வேண்டும். அறுவதற்கு முன்னரே மாற்றிவிட்டோம்.

கனடாவில் ஓட்டுபவரைத் தவிர, பின்னால் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் படகில் கட்டாயம் இருக்க வேண்டும். எங்களுக்கு அது மனைவியின் வேலை. பெருவிரலைக் கீழே காட்டினால் வேகம் குறை என்று அர்த்தம். நான் காட்டினால் மட்டும் அவளுக்கு ஏனோ கண் தெரிவதில்லை.

குறை என்றால், வயதானவர்களுக்கு இது சரிவராது. குப்புறக் கிடந்தால் ஒவ்வொரு அலையும் விலாவில் இடிக்கும். போன வருடம் பெரியம்மா ஒரு சுற்றிலேயே இறங்கி, "கதிரை மாதிரி ஒன்று இருந்தால் சொல்லு, வாறன்" என்றார். சாய்ந்து உட்காரும் வகை விலை கூட. பாதிக் காசு போடுகிறாயா என்று மச்சானிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.