பேஸ் கிட்டாருக்கு ரவுண்டா, ஃப்ளாட்டா?

பேஸ் ஸ்ட்ரிங் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது பிராண்டைத்தான். டடாரியோவா, எர்னி பாலா, ரோட்டோசவுண்டா? அது கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஒரே வகை ஸ்ட்ரிங்கில் கம்பெனியை மாற்றினால் வாசிப்பவருக்கு வித்தியாசம் தெரியலாம். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்துவிட்டால் அவருக்கே சந்தேகம் வந்துவிடும். ரவுண்ட்வவுண்டைக் கழற்றிவிட்டு ஃப்ளாட்வவுண்ட் மாட்டினால், மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

இரண்டிலும் உள்ளே இருப்பது எஃகு நடுக்கம்பி. அதன்மேல் உருண்டையான கம்பியைச் சுற்றினால் ரவுண்ட், தட்டைக் கம்பியைச் சுற்றினால் ஃப்ளாட். நான்கில் தடித்ததான ஈ ஸ்ட்ரிங்கின் நீளவாக்கில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ரவுண்டில் பையின் ஜிப்பை இழுத்த மாதிரி 'சர்ர்' என்று வரும். ஃப்ளாட்டில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். வாசிக்கும்போது விரல் நகரும் சத்தம் மைக்கில் ஏறுவதும் ஏறாததும் இதனால்தான்.

1950களில் பேஸ் கிட்டார் என்றாலே ஃப்ளாட்தான். 1966-ல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் கம்பெனி, 'தி ஹூ' ராக் குழுவின் பேஸிஸ்ட் ஜான் என்ட்விஸ்லோடு சேர்ந்து ரவுண்ட் ஸ்ட்ரிங்கை உருவாக்கியது. பியானோவின் கீழ்க்கட்டைகளில் இருக்கும் கணீர் அவருக்குப் பேஸில் வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்த 'ஸ்விங் பேஸ் 66' இன்றும் விற்பனையில் இருக்கிறது. கட்டைவிரலால் அடிக்கும் ஸ்லாப் வாசிப்பு, பிக் (சின்ன வில்லை) வைத்து அடிக்கும் ராக், ஒலி நீடித்து நிற்கும் நீண்ட சஸ்டெய்ன் எல்லாவற்றுக்கும் ரவுண்ட்தான் இயல்பான தேர்வு. இன்னொரு காரணமும் உண்டு. திறந்த ஈ ஸ்ட்ரிங்கின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கரால் அதைக் கொடுக்கவே முடியாது. அதற்கு மேலே எழும் ஹார்மோனிக்ஸை, அதாவது அதன் மடங்கு அதிர்வுகளை வைத்துத்தான் காது அந்தச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. ரவுண்டில் அவை தாராளம். ரீல்ஸ் போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஃப்ளாட்டின் குணம் நேர்மாறு. 'தும்' என்று ஆரம்பிக்கும், சீக்கிரம் அடங்கும், கிக் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் டெட்ராய்டில், சோல் பாட்டுகளுக்குப் பேர்போன மோட்டவுன் ஸ்டுடியோவில் பேஸிஸ்ட் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது லா பெல்லா கம்பெனியின் தடித்த ஃப்ளாட்டில். அறுந்தால் ஒழிய அவர் ஸ்ட்ரிங்கை மாற்றமாட்டார் என்பார்கள். ஆனால் ஃப்ளாட் என்றால் பழைய பாட்டுக்காரர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 'அயர்ன் மெய்டன்' ஹெவி மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் குதிரைப் பாய்ச்சல் வாசிப்பு வாசிப்பதும் ஃப்ளாட்டில்தான். அவர் அடிக்கடி புது செட் மாட்டுகிறவர். புது ஃப்ளாட்டில் நாம் நினைப்பதைவிட பளிச்சென்ற ஒலி இருக்கும்.

நம் ஊருக்கு வருவோம். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் ரவுண்டுக்கு எமன் வியர்வை. சுற்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் உப்பும் அழுக்கும் போய் அடைந்துகொள்ளும். முதலில் போவது அந்தக் கணீர். பிறகு கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சுருதி விலகும். காசு கொடுத்து வாங்கியதே அந்தப் பளிச்சுக்குத்தான், அதுவே சில வாரங்களில் போய்விடுகிறது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிற பழைய வித்தை கொஞ்ச நாள் உயிர் கொடுக்கும். உள்ளே தண்ணீர் தங்கினால் துருவும் கூடவே வரும். ஃப்ளாட்டில் அழுக்கு அடையப் பள்ளமும் இல்லை, இழப்பதற்குப் பெரிய கணீரும் இல்லை. விலை பல பிராண்டுகளில் ரவுண்டைப் போல இரண்டு மடங்கை நெருங்கும், உண்மைதான். ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஃப்ளாட்தான் சிக்கனம் என்பது என் கட்சி.

ரவுண்ட்தான் வேண்டும் என்றால் உலோகத்தைக் கவனியுங்கள். நிக்கல் பூசிய எஃகு பொதுவான வேலைக்குப் போதும், விரலுக்கும் இதம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் பளிச், துருவையும் தாங்கும். ஆனால் ஃப்ரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும். எலிக்ஸர் மாதிரி மேலுறை போட்டவை வியர்வைக் கைக்காரர்களுக்கு ஏற்றவை. எலிக்ஸரைச் செய்வது மழைக்கோட்டுக்கான கோர்-டெக்ஸ் துணியைச் செய்யும் அதே கம்பெனி. ஹாஃப் ரவுண்ட் (உருண்டைச் சுற்றின் மேற்பரப்பைத் தேய்த்துத் தட்டையாக்கியது), கறுப்பு நைலான் டேப் (மேலே நைலான் சுற்றியது) என்று இடைப்பட்ட ரகங்களும் உண்டு. ஹாஃப் ரவுண்டில் இரண்டு பக்கத்து நன்மையும் பாதிப் பாதிதான் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

தடிமனில் ரொம்ப யோசிக்க வேண்டாம். 34 அங்குல ஸ்கேலுக்கு (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) 45-லிருந்து 105 வரையிலான செட் (அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) எல்லாருக்கும் சரிவரும். ஒன்று மட்டும்: அதே தடிமனில் ஃப்ளாட் பொதுவாக இறுக்கமாக இருக்கும்; மாற்றிய பிறகு, கழுத்தின் வளைவைத் திருத்தும் உள்கம்பியான ட்ரஸ் ராடைச் சரிபார்க்க நேரலாம். வியன்னாவின் தோமாஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட் இதற்கு விலக்கு, அது தளர்வானது. சிலருக்கு அது ரப்பராகப் படும்.

ஒரே ஒரு பேஸ் வைத்துக்கொண்டு கல்யாணக் கச்சேரி, சர்ச், காலேஜ் பேண்ட் என்று எல்லாம் வாசிப்பவர் நிக்கல் ரவுண்டோடு இருக்கட்டும். மெல்லிசைக் குழுவில் எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளே பெரும்பாலும் என்றால் ஃப்ளாட் மாட்டிப் பாருங்கள். பேஸ் ஓயாமல் ஓடினாலும் பாடகரின் குரலில் இடிக்காது. ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் இல்லாத பேஸ்) என்றால் யோசனையே வேண்டாம், ஃப்ளாட்தான். ரவுண்ட், விரல் அழுத்தும் மரப்பலகையை அரித்துவிடும். ஜாஸ் பேஸிஸ்ட் ஜேக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட்லெஸில் ரவுண்ட் மாட்டினார், ஆனால் பலகையின்மேல் படகுக்குப் பூசும் எப்பாக்ஸிப் பிசினைப் பூசிக்கொண்டு.

ஃப்ளாட் வாங்கினால் மாட்டும்போது அவசரப்பட வேண்டாம். உபரி நீளத்தை வெட்டுவதற்கு முன், வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் கம்பியைச் செங்குத்தாக மடக்கிவிடுங்கள். மடக்காமல் வெட்டினால் சுற்று தளர்ந்து, இரண்டு மடங்கு விலை கொடுத்த ஸ்ட்ரிங் முதல் நாளே செத்துப்போகும்.