தொலைக்காட்சியைக் குறைப்பது எப்படி: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்க விரும்புவோர் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: பெட்டியை அடியோடு நிறுத்திவிடுவது, நேர வரம்பு வைத்துக்கொள்வது, பார்க்கப்போகும் நிகழ்ச்சிகளை முன்பே குறித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது, பெட்டி இருக்கும் இடத்தை மாற்றுவது. இவற்றுள் எதில் அதிக நேரம் மிச்சமாகும் என்று கணக்கிடுவதற்கு முன்னால், ஒவ்வொரு வழியும் நம்மை எந்த வேளையில் முடிவெடுக்கச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குக் காரணம் உண்டு. ராபர்ட் குபே, மிஹாய் சிக்சென்ட்மிஹாயி ஆகிய இரு ஆய்வாளர்கள், மக்களிடம் சிறு கருவியைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம், மனநிலை எப்படி இருக்கிறது என்று குறித்துவைக்கச் செய்தனர். அதில் தெரியவந்ததை 2002-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதினர்: பார்த்துக்கொண்டிருக்கும்போது உடலும் மனமும் இளைப்பாறுகின்றன, அணைத்தவுடன் அந்த இளைப்பாறல் போய்விடுகிறது, ஆனால் மந்தமும் கவனக் குறைவும் தங்கிவிடுகின்றன. ஆகவே, அணைக்க வேண்டிய அந்தக் கணம்தான் மன உறுதி மிகவும் தளர்ந்திருக்கும் கணம். அந்த நேரத்தில் முடிவெடுக்கச் சொல்லும் எந்த வழியும் நெடுநாள் நிற்பது கடினம்.

நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற வரம்பு இதனால்தான் தோற்கிறது. கேட்பதற்கு மிதமாகவும் நியாயமாகவும் இருக்கும் இந்த வழி, களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் நம்மிடம், ஒவ்வோர் இரவும் கதை சூடுபிடிக்கும் இடத்தில், எழுந்துபோகச் சொல்கிறது. நான் இரண்டு மாதம் இதை முயன்றேன். ஓய்வாக இருந்த நாள்களில் எளிதாகக் கடைப்பிடித்தேன், வேலை மிகுந்த நாள்களில் ஒருமுறைகூட முடியவில்லை.

அதே நேர வரம்பை வாரக் கணக்காக மாற்றி, காவலையும் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால் நிலைமை வேறு. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் தாமஸ் ராபின்சன் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக் குழந்தைகள் முதலில் பத்து நாள் தொலைக்காட்சியை முழுமையாக விட்டிருக்கவும், பிறகு வாரத்துக்கு ஏழு மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்ளவும் பழக்கப்பட்டனர். நேரத்தை அளந்து கட்டுப்படுத்தும் கருவியும் வீடுகளுக்குத் தரப்பட்டது. பார்க்கும் நேரம் குறைந்ததோடு, அவர்களின் உடல் நிறை குறியீடும் (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அளவு) இந்தப் பயிற்சி தரப்படாத மற்றொரு பள்ளியின் குழந்தைகளைவிடக் குறைவாகவே உயர்ந்தது. பெரியவர்களிடமும் இது பலிக்கிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு மூன்று மணி நேரமாவது பார்த்துவந்த, உடல் எடை கூடிய 36 பேரில் ஒரு பிரிவினரின் பெட்டி, வழக்கமான நேரத்தில் பாதி முடிந்ததும் தானே பூட்டிக்கொள்ளுமாறு செய்யப்பட்டது. மூன்று வாரத்தில் அவர்கள் நாளுக்குச் சராசரியாக 119 கிலோகலோரி கூடுதலாகச் செலவிட்டனர். உடற்பயிற்சி செய்யும்படி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. எழுந்து நடமாடியதே போதுமானதாக இருந்தது. வார வரம்பில் இன்னொரு வசதியும் இருக்கிறது: விரும்பும் விளையாட்டுப் போட்டிக்காக ஒரு நாள் மூன்று மணி நேரம் செலவழித்தாலும் ஒழுங்கு குலைந்துவிட்டதாகத் தோன்றாது.

முழுத் துறப்புக்கு ஒரே ஒரு முடிவு போதும் என்பது அதன் பெரும் பலம். ஐஸ்லாந்தில் 1983 வரை ஜூலை மாதத்திலும் 1987 வரை வியாழக்கிழமைகளிலும் அரசுத் தொலைக்காட்சியின் ஒளிபரப்பே கிடையாது. வீட்டுக்கு வீடு யாரும் மன உறுதியைச் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் துறக்க நினைத்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு அந்தப் பெட்டிதான் பகலெல்லாம் துணை என்றால், அதைப் பிடுங்குவது கொடுமை. நிரந்தரத் துறப்பைவிட, பத்து நாள் நிறுத்தத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்வதையே நான் ஏற்பேன்.

நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது ஒரு காலத்தில் நல்ல வழியாக இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் அடுத்து வருவது நமக்கு வேண்டாததாக இருந்தால் எழுந்துவிடலாம். ஓடிடி தளங்களில் அடுத்த பகுதி சில நொடிகளில் தானாகவே தொடங்கிவிடுவதால் அந்த இயல்பான நிறுத்தம் இல்லாமற்போய்விட்டது. தானியங்கித் தொடர்ச்சியை அமைப்புகளுக்குள் சென்று அணைக்காதவருக்கு இந்த வழி உதவாது.

இடமாற்றம் எளியது, பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கம்பியில்லா ரிமோட் 1955-இல் வருவதற்கு முன் சேனலை மாற்றப் பெரும்பாலோர் எழுந்து நடக்க வேண்டியிருந்தது. அந்தச் சிறு தடையை நாமே திரும்பவும் ஏற்படுத்திக்கொள்ளலாம்: படுக்கையறையிலிருந்து பெட்டியை வெளியேற்றுவது, நாற்காலிகள் அதை நோக்கி இல்லாதபடி திருப்பிப் போடுவது, ரிமோட்டை வேறோர் அறையின் அலமாரியில் வைப்பது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. வரவேற்பறையில் நாள் முழுதும் ஓடும் பெட்டியை வைத்துக்கொண்டு இதைக் கடைப்பிடிக்க முடியாது.

ஆகவே இடத்தை முதலில் மாற்றி, பத்து நாள் நிறுத்தி, பிறகு வார வரம்புக்கு வருவதையே நான் பரிந்துரைப்பேன். தொலைக்காட்சியை விட்ட குடும்பங்களில் பெரும்பாலானோருக்கு முதல் மூன்று நான்கு நாள்களே மிகவும் கடினமாக இருந்திருக்கின்றன. அந்த மாலைகளில் செய்யவிருக்கும் வேலையை, அது பழுதுபார்ப்போ, வாசிப்போ, ஒருவரைச் சென்று பார்ப்பதோ, உற்சாகம் இருக்கும் காலை வேளையிலேயே தீர்மானித்து, அதற்கு வேண்டிய பொருள்களைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்துவைத்துவிட வேண்டும்.