"கடனை நாங்கள் முடித்துத் தருகிறோம்" என்று அழைப்பு வந்தால்

கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்ட முடியாமல் விழி பிதுங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "பாக்கியில் பாதிகூடக் கட்ட வேண்டாம், வங்கியோடு நாங்கள் பேசி முடித்துவிடுகிறோம்" என்று யாராவது உங்களை அழைத்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நான் 26,000 ரூபாய் கொடுத்தேன். அவர்களிடம் போனபோது என் பாக்கி 86,000. ஒன்பது மாதம் கழித்து 1,31,400. இடைப்பட்ட காலத்தில் வங்கிக்கு அவர்கள் ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கார்டு என் கைக்கு வந்த கதையிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் ஏமாந்தது அங்கேதான் ஆரம்பம். 2019-இல் கோயம்புத்தூரில் ஒரு வணிக வளாகத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மேசை போட்டு, டை கட்டிக்கொண்டு ஒரு பையன் நின்றிருந்தான். "வாழ்நாள் முழுக்கக் கட்டணமே கிடையாது சார், இன்றைக்கு மட்டும்தான்" என்றான். கூடவே ஒரு பயணப் பை இலவசம். (பையைக் குறை சொல்ல மாட்டேன், இன்னும் கிழியவில்லை.) இரண்டாம் வருடம் பில்லில் வருடக் கட்டணம் 999 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 1,178 ரூபாய் 82 காசு என்று வந்து நின்றது. கேட்டால், முதல் வருடம்தான் இலவசமாம், வருடத்துக்கு ஒரு லட்சம் செலவு செய்தால் அடுத்த கட்டணம் தள்ளுபடியாம். கார்டோடு வந்த நிபந்தனைத் தாளில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. பையன் சொன்னதற்கு என் காதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அன்றைக்கே கார்டை மூடியிருக்க வேண்டும். நான் செய்ததைக் கேளுங்கள்: மறு வருடம் ஒரு லட்சத்தைத் தொட இன்னும் 14,000 குறைகிறது என்று கணக்குப் பார்த்து, வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்கினேன், மீதிக்குத் துணிமணி எடுத்தேன். 999 ரூபாயை மிச்சம் பிடிக்க 14,000 ரூபாய் செலவழித்த கெட்டிக்காரன் நான். இன்று இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ரிசர்வ் வங்கியின் விதி 2022 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி நீங்கள் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பேச்சில் சொல்லாமல் மின்னஞ்சலில் கேளுங்கள், தேதி பதிவாகும்.

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருந்தேன். 2022-இல் நூல் விலை ஏறிய ஏற்றத்தில் ஊரே ஆடிப்போனது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் நிறுவனத்தில் செப்டம்பரில் சம்பளம் பாதியானது, டிசம்பரில் வேலையே இல்லை. மளிகை, மகளின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து என்று எல்லாம் அந்தக் கார்டில் ஏறின. ஒருமுறை ஏடிஎம்மில் அந்தக் கார்டைப் போட்டு 10,000 ரூபாய் ரொக்கமும் எடுத்தேன். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், எடுத்ததற்குத் தனியாகக் கட்டணமும் உண்டு என்பது பில் வந்த பிறகுதான் உறைத்தது.

திருப்பூர்க்காரனுக்கு வட்டிக் கணக்கு தெரியாதா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். எங்கள் பக்கம் வட்டியை மாதக் கணக்கில்தான் சொல்வோம். ஒரு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். இரண்டு வட்டிக்கு மேல் கடன் வாங்குவதில்லை என்று அம்மா வாழ்நாள் முழுக்க ஒரு பிடிவாதம் வைத்திருந்தார். பில்லில் '3.75 சதவீதம்' என்று சின்னதாக அச்சிட்டிருந்ததை ஒவ்வொரு மாதமும் பார்த்தேன். அது மாதத்துக்கு என்பதும் தெரியும். ஆனால் அதை எங்கள் ஊர்ப் பேச்சில் ஒருநாளும் சொல்லிப் பார்க்கவில்லை. அம்மா ஒருநாள் கேட்டார், "எத்தனை வட்டி கண்ணு?" "மூன்றே முக்கால் வட்டி அம்மா." சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. "பேங்க்கா கொடுத்தது?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார்.

அந்த மூன்றே முக்காலுக்கு மேல் வரியும் உண்டு. 86,000 பாக்கிக்கு ஒரு மாத வட்டி 3,225 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 580 ரூபாய். ஆக 3,805. 'மினிமம் டியூ', அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டியது, என்று பில்லில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது பாக்கியில் 5 சதவீதம், அதாவது 4,300. அதைக் கட்டினால் அசலில் குறைவது 495 ரூபாய். இப்படியே மாதாமாதம் 5 சதவீதம் கட்டிக்கொண்டு, கார்டில் வேறெதுவும் வாங்காமலே இருந்தாலும், பாக்கி பாதியாகவே பத்து வருடம் ஆகும். பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2023 ஏப்ரலில் அந்த 4,300-ம் புரளவில்லை. வங்கியின் வசூல் அழைப்புகள் தொடங்கின. ஓர் இரவு தூக்கம் வராமல் கைபேசியில் கடன் தீர்க்கும் வழிகளைத் தேடி, ஏதோ ஒரு படிவத்தில் பெயரும் எண்ணும் கொடுத்தேன். காலையில் பல் துலக்குவதற்குள் அழைப்பு வந்தது.

பேசிய பெண்ணின் தமிழ் அவ்வளவு மரியாதையாக இருந்தது. மூன்று மாதமாக எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்த மரியாதைதான் முதல் தூண்டில். "40 சதவீதம் கட்டினால் போதும் சார். வங்கி வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவதே செல்லாது, தீர்ப்பே இருக்கிறது" என்றார். தீர்ப்பு இருந்தது உண்மை. 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படிச் சொல்லியிருந்தது. அது உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டில் இருந்ததை அவர் சொல்லவில்லை. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்தும் செய்துவிட்டது. யாராவது இன்றும் அந்த 30 சதவீதக் கதையைச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பதிவுக் கட்டணம் 5,000. பிறகு மாதம் 3,000 வீதம் ஏழு மாதம் கட்டினேன். பதிலுக்கு எனக்கு வந்த கட்டளைகள் இவை: வங்கிக்கு ஒரு காசும் கட்டக் கூடாது. வங்கியிலிருந்து வரும் அழைப்பை எடுக்கக் கூடாது. நட்சத்திரக் குறியும் 401-உம் போட்டு என் அழைப்புகளையெல்லாம் அவர்கள் எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும். கேட்டதும் செய்தேன். நமக்கு வரும் எல்லா அழைப்பும் முன்பின் தெரியாத ஒருவர் காதுக்குப் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசிக்கவே இல்லை. ஓடிபியைக் குரல் அழைப்பிலும் வாங்க முடியும் அல்லவா? இந்த வழியில் மோசடி பெருகியதால், அந்த 401 வசதியையே 2024 ஏப்ரலில் நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

"மூன்று மாதம் தாண்டட்டும் சார், வங்கி தானாக இறங்கி வரும்" என்பதுதான் அவர்களின் மந்திரம். இதில் பாதி உண்மை இருப்பதுதான் வினை. 90 நாள் கட்டாவிட்டால் அது வாராக்கடன் கணக்கில் சேரும், அதன் பிறகு வங்கிகள் பேரத்துக்கு வருவதும் உண்டு. ஆனால் அந்தப் பேரத்தை நீங்களே பேசலாம், தரகர் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

என் எண்ணில் யாரும் பேசாததால் வசூல் முகவர்கள் என் உறவுக்காரர்களைத் தேடிப் பிடித்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு மச்சானுக்கு அழைப்பு. நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒருவன் வந்து பக்கத்து வீட்டு வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி என் பாக்கித் தொகையைச் சொல்லிவிட்டுப் போனான். மகள் அன்று மாலை முழுக்க வெளியே விளையாடப் போகவில்லை. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, "அப்படியென்றால் வங்கி பயப்படுகிறது என்று அர்த்தம் சார்" என்றார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அதையும் நம்பினேன்.

உண்மை வெளிப்பட்டது அவர்களின் சோம்பலால். 2024 ஜனவரியில் "உங்களுக்காக அனுப்பிய வக்கீல் நோட்டீஸ்" என்று ஒரு நகல் அனுப்பினார்கள். அதில் என் பெயரில் ஓர் எழுத்து பிழை. வங்கியின் பெயரே வேறு! யாருக்கோ தட்டச்சு செய்ததில் பெயரை மாற்ற மறந்திருக்கிறார்கள். வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு அன்றே மின்னஞ்சல் எழுதினேன். என் சார்பில் எவரிடமிருந்தும் எந்தக் கடிதமும் வரவில்லை என்று பதில் வந்தது.

அந்த மின்னஞ்சலிலேயே வசூல் முகவர்கள் அழைத்த தேதி, நேரம், மச்சானின் கைபேசியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாம் இணைத்திருந்தேன். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, ஊரறிய அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதிய பிறகு அழைப்புகள் நின்றன. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம். எனக்கு அதற்குத் தேவை வரவில்லை.

வங்கி இரண்டு வழி சொன்னது. 74,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டினால் செட்டில்மென்ட், அதாவது குறைத்த தொகைக்குக் கணக்கை முடிப்பது. அல்லது தாமதக் கட்டணங்களையும் அவற்றுக்கான வரியையும் மட்டும் நீக்கி 1,19,000 கட்டினால் கணக்கு முழுமையாக முடிந்ததாகப் பதிவாகும். செட்டில்மென்ட் செய்தால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். முழுக் கடனையும் அடைக்காதவர் என்று அடுத்து கடன் கொடுக்கும் எவரும் அதைப் படிப்பார்கள். 74,000-ஐக் கட்டித் தலைமுழுகச் சொன்னார் மனைவி. எனக்கோ வீட்டுக்கடன் ஆசை விடவில்லை. அதற்குள் சிறிய நிறுவனமொன்றில் வேலையும் கிடைத்திருந்தது. மனைவியின் நகையைக் கூட்டுறவு வங்கியில் முக்கால் வட்டிக்கு வைத்து 1,19,000 கட்டினேன். மூன்றே முக்கால் வட்டிக் கடன் முக்கால் வட்டிக்கு மாறியது, அவ்வளவுதான். ஒன்பது மாதம் தவறிய அடையாளம் எப்படியும் அறிக்கையின் 36 மாத வரலாற்றில் தெரிந்தது. மனைவி சொன்னதே சரியோ என்று இன்றும் சில நாள் தோன்றும்.

நீங்கள் எந்த வழியில் போனாலும், தொகையையும் தேதியையும் குறிப்பிட்ட கடிதம் வங்கியின் மின்னஞ்சலிலிருந்து கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். கட்டுவதும் கார்டு கணக்கிலேயே இருக்கட்டும். முகவர் நீட்டும் யுபிஐ எண்ணில் வேண்டவே வேண்டாம். கட்டியதும் நிலுவை இல்லை என்ற சான்று வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை இலவசம். வேலை போனது போன்ற காரணம் இருந்தால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்கு எழுதித் தவணை கேளுங்கள். 2022 டிசம்பரில் நான் அதைச் செய்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

கொடுத்த 26,000-க்கு வருகிறேன். அந்த நிறுவனம் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இல்லாததால் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்த பிறகு 5,000 ரூபாய் திரும்பி வந்தது, "நல்லெண்ண அடிப்படையில்" என்ற குறிப்போடு. மீதி 21,000-க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழி மனுப் போட்டேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பணம் போட்ட ரசீதுகளும் அந்தப் பிழையான நோட்டீஸும்தான் என் கையில் இருக்கும் ஆயுதம். எதிர்த்தரப்பிலிருந்து இதுவரை யாரும் ஆஜராகவில்லை.

பெயரை எழுதிப் பயனில்லை என்பதற்கு இரண்டாவது காரணம் இதுதான். சென்ற வாரம் என் தம்பி மனைவிக்கு ஓர் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டேன். வேறு நிறுவனப் பெயர், அதே 40 சதவீதம், அதே 5,000 பதிவுக் கட்டணம், அதே பெண்ணின் குரல். "நீங்கள் கவலையே படாதீர்கள் மேடம்" என்றார்.