கிஸ்மிஸ் 1 கப்பா, 145 கிராமா?

போன டிசம்பரில் பிளம் கேக்குக்குப் பழம் ஊறப்போடும்போதுதான் கப்பை விட்டுவிட்டு டிஜிட்டல் தராசுக்கு மாறினேன். அதற்கு முந்தைய வருடம் கேக் நடுவில் வேகாமல் களியாக நின்றுவிட்டது. பேரீச்சம்பழத்தைக் கப்பில் அழுத்தி அழுத்தி அடைத்ததில், கேட்டதைவிடக் கூடுதலாகப் பழம் போய்விட்டிருந்தது.

கப் மலிவு, கழுவி வைத்தால் வேலை முடிந்தது, பேட்டரி வேண்டாம். பால், எண்ணெய்க்கு அதுவே போதும். உலர்பழம் என்று வரும்போதுதான் தகராறு. கிஸ்மிஸோடு நடுவில் இருக்கும் காற்றையும் சேர்த்தல்லவா கப் அளக்கிறது? 237 மில்லி பிடிக்கும் அமெரிக்கக் கப்பில் உதிரியாகக் கொட்டினால் கிஸ்மிஸ் சுமார் 145 கிராம் நிற்கும், அழுத்தினால் 165. மூன்று கப் போடுகிற கேக்கில் 60 கிராம் ஏறிவிடுகிறது. பேரீச்சை இன்னும் மோசம். முழுசாகப் போட்டால் சந்து சந்தாக இடம் விடும், பொடியாக நறுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டி அடைந்துகொள்ளும். படியில் அரிசி அளக்கும்போது தலை தட்டினால் சமமாக நிற்கும். பிசுபிசுக்கிற பழத்தை எங்கே தலை தட்டுவது? தராசில் இந்தக் கவலையே கிடையாது. நறுக்குவதற்கு முன்னும் 150 கிராம், நறுக்கிய பின்னும் 150 கிராம்.

கப்பும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியக் குறிப்பில் கப் என்றால் 250 மில்லி. உங்கள் கப் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்கவும் தராசே உதவும்: காலிக் கப்பை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். 1 மில்லிக்கு 1 கிராம் கணக்கு. என்னுடையது 240 காட்டியது.

கடையில் பாக்கெட் கிராமில்தான் வருகிறது என்பதால் வாங்கும்போதும் இதுதான் வசதி. அமெரிக்கக் குறிப்பு 2 கப் கிஸ்மிஸ், 1 கப் நறுக்கிய பேரீச்சை, அரை கப் உலர் ஆப்ரிகாட் கேட்டால், முறையே 290, 147, 65 என்று வைத்து அரை கிலோ வாங்கினால் போதும். குறிப்பு கிராமில் இருந்து, வீட்டில் தராசு இல்லையென்றால், 100 கிராம் கிஸ்மிஸுக்கு முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவாக, அழுத்தாமல் எடுங்கள். ஆப்ரிகாட்டை நான் ஒரே முறைதான் எடை போட்டிருக்கிறேன்; பெரிய துண்டு, சின்னத் துண்டைப் பொறுத்து அந்த எண் மாறலாம்.

எதில் அளந்தாலும் ஊறப்போடுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ரம்மோ ஆரஞ்சுச் சாறோ குடித்து உப்பிய பழத்தின் எடையும் வேறு, கொள்ளளவும் வேறு.

தராசுக்கும் குறை உண்டு. ஆடாத, சமமான மேடை வேண்டும். நாலைந்து கிராம் அளவுக்கு என்னுடையது சரியாகக் காட்டுவதில்லை. 1 மேசைக்கரண்டி கிஸ்மிஸ், அதாவது 9 கிராம் அளவு, என்றால் கரண்டியைத்தான் எடுக்கிறேன். பாயசத்துக்கு நெய்யில் வறுக்கிற கிஸ்மிஸுக்கு இன்றும் கைப்பிடிதான் கணக்கு.