பால் கடைவாய்ப்பல் போனால்: ஒட்டும் வளையமா, கழற்றும் செட்டா?

மும்பை மாதுங்காவில் எங்கள் கட்டடத்தில் இரண்டு வீட்டில் ஒரே குழப்பம். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொத்தையான பால் கடைவாய்ப்பல்லை எடுத்தாயிற்று, அந்த இடைவெளிக்கு எதைப் போடுவது: பக்கத்துப் பல்லில் ஒட்டி இடத்தைக் காக்கும் வளையமா, கழற்றி மாட்டும் பொய்ப்பல் செட்டா? விழப்போகிற பல்தானே என்று விட்டால், ஆறு வயதில் முளைத்த நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னால் சாய்ந்து, 10-12 வயதில் வரவேண்டிய பல்லுக்கு வழியை அடைத்துவிடும்.

செலவு
வளையம்: பெரும்பாலும் ஒருமுறைதான்.
செட்: தாடை வளர வளர இறுகும், மாற்றவேண்டி வரும். தொலைத்தால் இன்னொரு செலவு.

நீடித்து உழைப்பது
வளையம்: எஃகு. ஆனால் கடலைமிட்டாய் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.
செட்: அக்ரிலிக். கீழே விழுந்தால் உடையும்.

மெல்லுவது
இங்கேதான் வித்தியாசம். வளையம் இடத்தை மட்டும் காக்கும். கடிக்க அதில் பல் இல்லை. பிள்ளை மறுபக்கமாகவே மெல்லப் பழகும். செட்டில் பொய்ப்பல் உண்டு, அந்தப் பக்கமும் சப்பாத்தி மெல்லலாம். நிஜப் பல்லின் பலம் வராது, சரி.

ஒரு பல் மட்டும் போயிருந்தால் என் ஓட்டு வளையத்துக்கே. டிபன் டப்பா மூடியையே தொலைக்கிற பிள்ளைக்குச் செட் வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று பல் போய், பிள்ளையும் கழற்றிக் கழுவுகிற பொறுப்புள்ளது என்றால் செட். எதுவானாலும் ஆறு மாதத்துக்கொருமுறை காட்டுங்கள். புதுப்பல் எட்டிப்பார்த்ததும் கழற்றியாக வேண்டும்.