ஒரே சர்வரில் அறுபது பேர், ஆறு வருடம்: பகிர்வு ஃபோல்டர் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாக

போன மாதம் எங்கள் லேப் சர்வரின் எஸ்எஸ்டி செத்துப்போனது. புதிது வாங்கி மாட்டி, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற இரண்டு நாள் பிடித்தது. விஷயம் தெரிந்து, வேறொரு கல்லூரியில் லேப் பார்க்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, நாங்களும் டெபியன் லினக்ஸ் போட்டு, ஒரே சர்வர்ல பசங்க எல்லாரையும் லாகின் பண்ண வைக்கலாம்னு இருக்கோம். போடலாமா?" அவசரத்தில் ஏதோ பதில் சொல்லிவிட்டேன். நிதானமாகச் சொல்ல வேண்டியது இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு கோர், 32 ஜிபி ராம். காலை பேட்சில் முப்பது பேர் ஒரே நேரத்தில் கம்பைல் செய்தாலும் லோடு ஆவரேஜ், அதாவது சர்வரின் வேலைப்பளுவைக் காட்டும் எண், மூன்றைத் தாண்டாது. ஒரு பையன் முடிவில்லாத லூப் எழுதி ஓடவிட்டால் பக்கத்து சீட்டுக்காரனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. 'டாப்' போட்டால் யார் பெயரில் எந்த பிராசஸ் எத்தனை சதவீதம் தின்கிறது என்று வரிசையாக நிற்கும். பிராசஸை நிறுத்த 'கில்' கொடுத்தால் முதலில் 15-ஆம் சிக்னல் போகும், அதாவது "முடித்துக்கொண்டு கிளம்பு" என்று கேட்கும். கேட்காதவனுக்கு 9. அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஒருவன் சினிமாவாக இறக்கி டிஸ்கை நிரப்பப் பார்த்தால் கோட்டா, அதாவது ஆளுக்கு இவ்வளவு இடம் என்ற வரம்பு, தடுக்கும்: சாஃப்ட் லிமிட் தாண்டினால் ஏழு நாள் அவகாசம், ஹார்டு லிமிட்டில் கதவு மூடல். ஆறு வருடத்தில் சிஸ்டம் தானாக விழுந்ததாக எனக்கு ஒரு நாள்கூட நினைவில்லை. செத்தது டிஸ்க்தான்.

இத்தனையும் ஒரு பக்கம். பகிர்வு ஃபோல்டர் ஒன்று போதும், என்னை உட்கார விடாது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு மூன்று பேர் சேர்ந்தால் ஒரு குரூப், அதற்கு ஒரு ஃபோல்டர். முதல் நாளே ஆரம்பிக்கும்: ஒருத்தி ஃபைல் எழுதுகிறாள், மற்ற இருவர் திறந்து திருத்தப் போனால் 'பெர்மிஷன் டினைடு'. காரணம் உமாஸ்க், புது ஃபைலிலிருந்து எந்த உரிமைகளைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் எண். எங்களிடம் அது இயல்பாக 022. புது ஃபைலுக்குக் கிடைக்கக்கூடிய 666-இல் (எல்லோருக்கும் படிக்க, எழுத உரிமை) அது கழிந்து 644 ஆகிறது: எழுதியவருக்கு எழுத உரிமை, குரூப்புக்குப் படிக்க மட்டும். குரூப்பில் சேர்த்து என்ன பயன்? அதுவும் சேர்த்தவுடன் வேலை செய்யாது. எந்தெந்த குரூப் என்பது லாகின் செய்யும்போது முடிவாகிவிடுகிறது. வெளியே போய்த் திரும்ப லாகின் செய்தால்தான் புது குரூப் ஒட்டும். "சேர்த்துட்டேன்னு சொன்னீங்களே சார், இன்னும் வரல" என்று வருடம் தவறாமல் கேட்கிறேன். 'யூசர்மாட்' என்ற கட்டளையில் புது குரூப்பைச் சேர்க்கும்போது 'ஏ' போடாமல் 'ஜி' மட்டும் போட்டால், அந்தப் பிள்ளை ஏற்கெனவே கூடுதலாக இருந்த குரூப்பிலிருந்தெல்லாம் கழன்றுவிடும். எச்சரிக்கை ஒரு வரிகூட வராது.

போன செமஸ்டரில் நடந்ததை இன்னும் என்னால் விட முடியவில்லை. ஒரு மாணவி ரிப்போர்ட் ஃபைலுக்கு 600 போட்டு வைத்திருந்தாள். தன்னைத் தவிர யாரும் திறக்கக்கூட முடியாது, பத்திரம் என்று நம்பினாள். அவள் அப்படி நம்பியதில் தப்பே இல்லை. கூட இருந்த பையன் பழைய ஃபைல்களைக் கழித்துக்கட்டுகிறேன் என்று இறங்கினான், இதுவும் போய்விட்டது. "நேத்து சாயங்காலம் இருந்துச்சு சார்" என்று வந்து நின்றவளின் முகம் வெளிறியிருந்தது. அதற்கு முந்தைய இரவு பேக்கப்பில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அன்று பகல் முழுக்க எழுதிய பதினொரு பக்கம் திரும்பவில்லை.

திறக்கவே முடியாத ஃபைலை எப்படி அழித்தான்? ஃபோல்டர் என்பது பெயர்ப் பட்டியல், வருகைப் பதிவேடு மாதிரி. அழிப்பது என்றால் பதிவேட்டில் ஒரு பெயரை அடிப்பது. பதிவேட்டில் எழுத யாருக்கு உரிமையோ அவருக்கே பெயரை அடிக்கவும் உரிமை. ஃபைலின் பூட்டை யாரும் கேட்பதில்லை. உள்ளே நடப்பது தெரிந்தால் இது சரியான தர்க்கம்தான். ஆனால் 'எழுத உரிமை' என்ற சொல்லைக் கேட்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, அதற்குள் 'அடுத்தவர் ஃபைலை அழிக்கும் உரிமை'யும் இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? அந்தச் சொல்லை அப்படி வைத்தது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

மருந்து உண்டு. ஃபோல்டரை ரூட், அதாவது சர்வர் நிர்வாகி, பெயரில் வைத்து 3770 கொடுக்கிறேன். முன்னால் உள்ள 3-இல் 2 என்பது செட்ஜிஐடி, உள்ளே பிறக்கும் ஃபைலெல்லாம் அந்த குரூப்புக்கே சேரும். 1 என்பது ஸ்டிக்கி பிட், ஃபைலின் சொந்தக்காரர் மட்டுமே அழிக்கலாம். எல்லோரும் எழுதும் 'டெம்ப்' ஃபோல்டரில் இது முதலிலிருந்தே இருக்கிறது. மாணவர்களுக்கு உமாஸ்க் 002, அப்போது குரூப்புக்கும் எழுத உரிமை கிடைக்கும். ஆனால் சில கருவிகள் புது ஃபைல் எழுதிப் பழையதன் மேல் பெயர் மாற்றித்தான் சேமிக்கும். ஸ்டிக்கி இருந்தால் அடுத்தவர் ஃபைலில் அது தடைபடும். திரும்பவும் "சார், சேவ் ஆகல".

பலர் ஒரே ஃபோல்டரில் கை வைக்கும் தொல்லை இந்த அமைப்புகளோடு கூடவே பிறந்தது. 1960களில் அமெரிக்காவின் எம்ஐடியில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் சிடிஎஸ்எஸ் என்ற ஆரம்பகால அமைப்பு ஓடிக்கொண்டிருந்தபோது, நிர்வாகிகள் இருவர் ஒரே டைரக்டரியில் (ஃபோல்டரில்) ஆளுக்கொரு ஃபைலைத் திருத்தினார்கள். ஒன்று பாஸ்வேர்டு ஃபைல், மற்றது லாகின் செய்பவருக்கெல்லாம் காட்டும் அன்றைய அறிவிப்பு. எடிட்டர் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிக ஃபைல் வைத்ததால் இரண்டும் இடம் மாறி, உள்ளே நுழைந்தவர்கள் எல்லார் டெர்மினலிலும் எல்லார் பாஸ்வேர்டும் அச்சாகி வந்தது.

தம்பிக்கு என் பதில்: போடாதீர்கள். மேலே புகழ்ந்தது ஒவ்வொரு சொல்லும் உண்மை, இன்றும் வேறு எதற்கும் மாற மாட்டேன். ஆனால் முழுநேரமும் இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத லேபில் பிள்ளைகளின் உழைப்பை இந்த ஃபோல்டருக்குள் வைக்க எனக்கு மனசு வரவில்லை. கட்டாயம் போட்டே ஆக வேண்டும் என்றால், பேக்கப்பை இரவு ஒரு முறை என்று விடாமல் மணிக்கொரு முறை ஓட விடுங்கள். அந்தப் பதினொரு பக்கத்துக்குப் பிறகு நான் அப்படித்தான் ஓட விடுகிறேன்.